பாண்டிருப்பு ராணியின் ஹீப்ரு

போன வாரம் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு மூதாட்டி பெரிய சண்டை பிடித்தார்.

ஆள் இருந்தது இஸ்ரேலில். சண்டை நடந்தது கல்முனையில். நடுவில் ஒரு லெப்டொப்பும், கொஞ்சம் தூறினாலே படுத்துவிடுகிற எங்கள் வைஃபையும்.

அந்த அம்மா ஏன் சத்தம் போட்டார்? அதுவும் எங்கள் ஹோலில் ஏன் போட்டார்? இது விளங்க வேண்டுமென்றால் முதலில் உங்களுக்கு ராணியைத் தெரிய வேண்டும்.

முழுப்பெயர் யோகராணி. ஊர் பாண்டிருப்பு. எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற தனியார் கிளினிக் ஒன்றில் அட்டென்டன்ட். என் உம்மா படுத்த படுக்கையான காலத்தில், கிளினிக் வேலை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். உம்மாவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, தலை சீவி, சாய்த்து உட்கார வைத்துவிட்டுத்தான் போவாள். நான் கெஞ்சினாலும் திறக்காத வாயை உம்மா ராணிக்குத் திறப்பார். எனக்கு அதில் பொறாமைகூட வந்ததுண்டு... சொந்த மகள் நான், ஊட்டுகிறது அவள். உம்மா கண்ணை மூடி மௌத்தான பிறகும் ராணி வருவது நிற்கவில்லை. என்னை அக்கா முறைக்கு ராத்தா என்பாள், என் கணவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்பாள். நோன்பு காலத்தில் கஞ்சி ஒரு பாத்திரம் பாண்டிருப்புக்குப் போகும். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து வரும்.

ராணிக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். கணவர் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். தனக்குத் தாய் தந்த வீட்டை எழுதிக் கொடுத்து மூத்தவளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். இளையவள் டிலானிக்கும் மாப்பிள்ளை பேசியாயிற்று. பொடியன் நல்லவன். பொடியனின் தாயும் நல்லவர்தான், ஒரே ஒரு வசனம்தான் சொல்கிறார் — "வீட்டு வேலை முடியட்டும்."

டிலானிக்கென்று கட்டத் தொடங்கிய வீடோ யன்னல் மட்டத்தில் நிற்கிறது. சுவரில் பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது. பேசி வைத்த கலியாணம் எவ்வளவு காலத்துக்குத்தான் காத்திருக்கும்? பாசி பிடிப்பது சுவருக்கு மட்டுமல்ல என்று ராணிக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் ஏஜென்சிக்காரர் ஒருவர் இந்த வேலையைக் கொண்டுவந்தார். இஸ்ரேலில் தனியாக இருக்கிற வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ராணியின் அனுபவம் போதும். ஆனால் அந்த அம்மாவுக்கு ஹீப்ரு தவிர வேறு பாஷை தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், இதற்கு முதல் காட்டிய எல்லாரையும் வேண்டாம் என்று துரத்தியவர். ஒன்லைனில் நேரே கதைத்துப் பார்த்து, அவருக்குப் பிடித்தால்தான் வேலை.

ராணியின் வீட்டில் இன்டர்நெட் இல்லை. எங்கள் வீட்டில் உண்டு. இப்படித்தான் ஹீப்ரு எங்கள் ஹோலுக்குள் வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் முகங்கள் மாறும். என் முகமும் மாறும். காஸாச் செய்தி பார்க்கும்போது டீவியை நிறுத்திவிட்டு அழுதிருக்கிறேன். பள்ளிவாசலடியில் ஒருவர் என் கணவரிடம் கேட்டிருக்கிறார், "என்ன ஹாஜியார், ஒங்கட ஊட்டில ஹீப்ரு ஓதுறாங்களாமே?"

இவர் சொன்னாராம், "ஓம். ஒரு கிழவிக்குச் சோறூட்டப் போற புள்ள ஓதுது. வந்து கேக்கிறீங்களா?"

எனக்கு ராணியை நினைத்துத்தான் பயம். அங்கே சைரன் அடிக்கும், குண்டு விழும் என்று நான் சொன்னதற்கு அவள் சிரித்தாள். "அந்தச் சத்தமெல்லாம் நமக்குப் புதுசா ராத்தா? சின்னதில யுத்தத்துக்குப் பயந்து ஓடின ஓட்டம் மறந்துபோச்சா?" மறக்குமா?

ஏஜென்சிக்காரர் பாடம் அனுப்பியது வட்ஸ்அப்பில். வொய்ஸ் நோட் மேல் வொய்ஸ் நோட். ஒவ்வொன்றிலும் ஒரு கூடை சொற்கள் — தலையணை, ஊசி, பல், குளிர், சமைக்க, படுக்க. ராணி அவற்றைப் பஸ்ஸில் வரும்போதும், கிளினிக்கில் தரை துடைக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். காலையில் பாடமாக்கியது மாலையில் காணாமல் போகும். ஒரு நாள் எங்கள் கதிரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒண்டு போலவே கேக்குது ராத்தா. எது எதெண்டு பிடிபடுகுதில்ல."

பக்கத்து அறையிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு.

இந்தப் பத்திரிகைப் பத்தியை ஒழுங்காக வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கனைப்பைத் தெரியும். என் கணவர். மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்கிற வியாபாரி. இளமையில் அரபுக் கல்லூரியில் சில காலம் ஓதிவிட்டு, பிறகு துணிக் கடைக்குப் போனவர். ஓதியதைக் காட்டுவதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து தவமிருக்கிறார். அல்லாஹ் ராணியை அனுப்பிவிட்டான்.

"ஒண்டு போலக் கேக்குதா? அதுதான் புள்ள விஷயமே," என்றபடி கதிரையை இழுத்துப் போட்டார். எனக்குத் தெரியும், இனி இரவுச் சாப்பாடு ஆறிவிடும்.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அரபியும் ஹீப்ருவும் சொந்தக்கார பாஷைகள். இரண்டிலும் பெரும்பாலான சொற்களுக்கு அடியில் மூன்று மெய்யெழுத்து கிடக்கும். அதுதான் வேர். அந்த வேர் தனியே நின்று வாயில் வராது. அதற்கு நடுவில் உயிர் ஓசைகள் வந்து உட்கார்ந்தால்தான் சொல் பிறக்கும். க்–த்–ப் என்று ஒரு வேர். எழுதுகிற சமாச்சாரம் எல்லாம் அதற்குள்ளே. அரபியில் கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுகிறவர். ஹீப்ருவில் காதவ் என்றால் எழுதினான், மிக்தாவ் என்றால் கடிதம், க்தோவெத் என்றால் விலாசம். "ப" அங்கே சில இடங்களில் "வ" ஆகிவிடும், அதற்குப் பயப்படக் கூடாது. மூன்று எழுத்து அப்படியே நிற்கும். இடையில் இருக்கிறது மாறும், முன்னாலோ பின்னாலோ ஒன்றிரண்டு ஒட்டும். அவ்வளவுதான்.

நம்முடைய தமிழ் இப்படியா? படி, படித்தான், படிப்பு, படிப்பித்தேன்... நாம் வாலை நீட்டிக்கொண்டே போவோம். தலையில் கை வைக்க மாட்டோம். அவர்கள் வாலை அவ்வளவாக நீட்டுவதில்லை, வயிற்றுக்குள்ளேயே மாற்றிவிடுகிறார்கள்.

ராணி அந்த மூன்று எழுத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப இது குடி மாதிரித்தானே காக்கா?"

தூர ஊர் வாசகர்களே, தப்பாக நினைக்காதீர்கள். இது போத்தல் விஷயம் அல்ல. எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்று ஒன்று இருக்கிறது. தாய்வழியில் வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அதே குடி. தகப்பனின் குடி பிள்ளைக்கு ஒட்டாது. ஒரே குடிக்குள் பெண் எடுக்க மாட்டோம். கலியாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போகவும் மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார்.

"மெய்யெழுத்து மூண்டும் பொம்பிளையள்," என்றாள் ராணி. "வீட்டுக்காரியள். அசைய மாட்டாளுகள். உயிரெழுத்துத்தான் மாப்பிளைமார். வருவாங்க, போவாங்க. வீட்டில சத்தம் மாறும். குடி மாறாது."

நான் கைதட்டினேன். மருதமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த உயிரெழுத்து ஒன்றுக்கு மட்டும் இது அவ்வளவு பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து ராணி பாடமாக்குவதை விட்டாள். குடி விசாரிக்கத் தொடங்கினாள். ஒரு புதுச் சொல் வந்தால், "இவ ஆர்ர ஆள்?" என்று கேட்டு மூன்று எழுத்தைப் பிடித்துவிடுவாள். எங்கள் ஊரில் புது ஆள் வந்தால் நாம் விசாரிக்க மாட்டோமா? அதே விசாரணைதான். ஷாலோம் எங்கள் ஸலாமின் சொந்தம் என்று கண்டுபிடித்தது அவள்தான். ஹீப்ருவில் பணம் செலுத்துவதற்கும் அதே வேர் என்றதும் இவருக்கு ஒரே சந்தோஷம். வியாபாரி அல்லவா? "பாத்தியா, காசக் கட்டினாத்தான் சமாதானம்."

இன்னொரு நாள் தாடி வந்தது. ஹீப்ருவில் தாடிக்கு ஸாகான். கிழவனுக்கு ஸாகேன். ஒரே வேர். ராணி இவருடைய தாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவிக்கு என்ன என்று பார்த்தால் ஸ்கேனா. அதுவும் அதே வேர்.

"தாடி முளைக்காத கிழவியையும் தாடிக் குடியில சேத்துட்டாங்களே ராத்தா. இது என்ன அநியாயம்?"

குடி விஷயத்தில் ராணி ரொம்பக் கண்டிப்பு. கனவு கண்டேன் என்பதற்கு ஹீப்ருவில் ஹலம்தி ஹலோம் என்பார்கள். இரண்டு சொல்லும் ஒரே வேர். அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள். "ஒரே குடிக்குள்ள கலியாணமா காக்கா? எங்கட கோயிலடியில சொன்னா அடிக்க வருவாங்க." இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அரபியிலும் இப்படி உண்டு, அது அழகு என்றுகூடச் சொன்னார். கனவு காணுவதையே விட்டாலும் விடுவேன், அப்படிச் சொல்ல மாட்டேன் என்று நின்றாள்.

இவருடைய அரபியும் எல்லா நேரமும் கைகொடுத்தது என்று நினைக்காதீர்கள். லெஹெம் என்றால் இறைச்சி என்று அடித்துச் சொன்னார், அரபியில் லஹ்ம் இறைச்சிதானே. வொய்ஸ் நோட்டில் ஏஜென்சிக்காரர் சொன்னது பேக்கரியில் வாங்குகிற பாண். சொந்தக்காரர்கள் என்றாலும் வேறு வேறு ஊரில் குடியேறினால் சாப்பாடு மாறும்தானே? "ரெண்டும் சாப்பாடுதான்," என்று இவர் சமாளித்தார். பாண் கேட்கிற கிழவிக்கு முன்னால் ஒரு சட்டி மாட்டிறைச்சியை வைத்தால் என்ன நடக்கும் என்று நானும் ராணியும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பரிகாரமாக இவர் இன்னொரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சமைக்கிற குசினிக்கு அரபியில் மத்பஹ். ஹீப்ருவில் மித்பாஹ். இந்த முறை சரியாக இருந்தது. ராணி அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சொல்லில் மட்டும் நாங்கள் மூவரும் சிரிக்கவில்லை. ர்–ஹ்–ம். எத்தனை தடவை ஓதியிருப்போம்... ரஹ்மான், ரஹீம். இரக்கம். ஹீப்ருவில் அதே வேரில் ரஹமிம் என்றால் இரக்கம், ரெஹெம் என்றால் கருப்பை. அரபியிலும் கருப்பைக்கு அதே வேர்தான் என்று இவர் சொன்னார். இரக்கம் தாயின் வயிற்றிலிருந்துதான் கிளம்புகிறது என்று இந்த இரண்டு பாஷைக்காரர்களும் ஒன்றாகத்தான் நினைத்திருக்கிறார்கள். இப்போது அவர்களுக்குள் நடக்கிறதைப் பார்த்தால் அழுகை வருகிறது.

இன்டர்வியூ நாளும் வந்தது.

ராணி மூத்த மகளின் கலியாணத்துக்கு உடுத்த சாரியை உடுத்து வந்தாள். நானும் இவரும் லெப்டொப்புக்குப் பின்னால், கெமராவுக்குத் தெரியாத பக்கம் உட்கார்ந்தோம். வாயைத் திறக்க மாட்டேன் என்று இவரிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தேன். எட்டிப் பார்த்தால் எனக்கும் திரை தெரியும்.

திரையில் இரண்டு பேர். கதைத்தது மகள். கண்ணாடி போட்ட, களைத்துப்போன முகம். மூலையில் தாய். கம்பளிச் சட்டை, கட்டிய கை, திருப்பி வைத்த முகம். 'நீங்கள் யாரைக் கூட்டி வந்தாலும் எனக்கு வேண்டாம்' என்பதை முதுகாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். என் உம்மாவும் மருந்துக் குப்பியைக் கண்டால் இப்படித்தான் உட்காருவார்.

பெயர் கேட்டார்கள். வயது கேட்டார்கள். செய்கிற வேலை கேட்டார்கள். ராணி நன்றாகவே சொன்னாள். தாய் திரும்பவே இல்லை.

பிறகு மகள் கேட்டார், ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்?

இதற்கு ஏஜென்சிக்காரர் ஒரு பதில் படிப்பித்திருந்தார். எனக்கு வயதானவர்கள் மேல் ரொம்பப் பிரியம், இதுதான் பதில். ராணி வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. பாடமாக்கிய பதில் பறந்துவிட்டது. உள்ளே இருந்தது டிலானியின் வீடு மட்டும்தான் போல. அதையே எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"இமா நோதெனெத் பாயித் ல-பத்."

தாய் மகளுக்கு வீடு கொடுப்பாள்.

எங்கள் ஊரில் இதில் என்ன இருக்கிறது? சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பது மாதிரி ஒரு செய்தி. ஆனால் மூலையில் இருந்த அம்மா சடாரென்று திரும்பினார். ராணியைப் பார்க்கவில்லை. தன் மகளைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் எங்கள் ஹோல் அதிர்ந்தது.

எனக்கு ஹீப்ரு தெரியாது. ஆனாலும் விளங்கியது. ஹ-பாயித் ஷெலி, ஹ-பாயித் ஷெலி என்று திரும்பத் திரும்ப. என்னுடைய வீடு. இது என்னுடைய வீடு. வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு முதியோர் இல்லத்துக்கு வாருங்கள் என்று மகள் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறாராம். பிறகுதான் ஏஜென்சிக்காரர் சொன்னார். அந்த நேரத்தில் புதிதாக ஒருத்தி திரையில் வந்து, தாய் மகளுக்கு வீடு கொடுப்பாள் என்று உபதேசம் செய்தால்? மகள் ஆள் வைத்துச் சொல்விக்கிறாள் என்றுதானே அந்த மனுஷி நினைப்பார்?

மகள் தாயைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார். தாய் கையைத் தட்டிவிடுகிறார். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். டிலானியின் வீடு யன்னல் மட்டத்திலேயே நிற்கப்போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராணி மட்டும் பதறவில்லை. என் உம்மா கோப்பையைத் தட்டிவிடும்போது என்ன செய்வாளோ அதையே செய்தாள். குரலை உயர்த்தாமல், கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, சத்தம் அடங்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடங்கியதும் சொன்னாள்.

"பாயித் ஷெலாக். அனி ஒராஹத்."

வீடு உங்களுடையது. நான் விருந்தாளி.

அந்த அம்மா முதல் தடவையாக ராணியை நேரே பார்த்தார். உதட்டைச் சுழித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதில் மெவஷெலெத் என்று ஒரு சொல் வந்தது. எந்த வொய்ஸ் நோட்டிலும் இல்லாத சொல். அரபிச் சொந்தமும் இல்லை, இவர் முழித்தார். ராணியின் உதடு அசைவதைப் பார்த்தேன். ப... ஷ... ல... குடி விசாரிக்கிறாள். சமைப்பதற்கு லெவஷெல் என்று படித்திருந்தாளே. அதன் வயிற்றிலிருந்து வந்த பிள்ளைதான் இது. விருந்தாளி சமைக்க மாட்டாளே என்று குத்தலாகச் சொல்கிறார் கிழவி.

"அனி மெவஷெலெத்," என்றாள் ராணி. நான் சமைப்பேன். "தாகிம்."

மீன்.

அதன் பிறகு நடந்ததை நான் எப்படி எழுத? சமையலுக்குப் பிஷுல் என்றார் அந்த அம்மா, சமைத்த கறிக்குத் தவ்ஷில் என்றார். ஒவ்வொரு தடவையும் ராணி அந்த மூன்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். தெரியாததைக் கையால் சொன்னாள். தேங்காய் துருவிக் காட்டினாள், புளி கரைத்துக் காட்டினாள். அந்த அம்மா எலுமிச்சை பிழிந்து காட்டினார். ராணி மூக்கைச் சுருக்கி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கிழவி சிரித்துவிட்டார். கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்ட வந்துவிட்டார். மகள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இவர் என் காதில், "முடிஞ்சிது. வேலை சரி," என்றார்.

முடியவில்லை.

மகள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். சும்மா, மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டால் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள்?

ராணியின் முகம் மலர்ந்தது. தெரிந்த சொல் அல்லவா? காக்கா தேடிக் கொடுத்த சொல்.

"ப-மித்பாஹ்."

குசினியில்.

திரையில் சிரிப்பு நின்றது. "ப-மித்பாஹ்?" என்று மகள் திருப்பிக் கேட்டார். ஓம் என்று ராணி தலையாட்டினாள். அந்த அம்மா ராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் நன்றி சொன்னார். அறிவிக்கிறோம் என்றார். திரை கறுத்தது.

"குசினியெண்டு ஏன் புள்ள சென்ன?" இவருக்குத் தாங்கவில்லை. "ஹோல்ல எண்டு செல்லியிரிக்கலாமே. படுக்க இடமில்லாதவள் எண்டு நெனச்சிட்டாங்க. அந்தச் சொல்லப் படிப்பிச்சதும் நான்தானே."

ராணிக்கு என்ன பிழை என்றே விளங்கவில்லை. "ஏன் காக்கா, இதில என்ன வெக்கம்? மகளுக்கு வீட்டைக் குடுத்தா தாய் குசினிக்குத்தானே போகும்? எங்கட அம்மாவும் அப்பிடித்தான் படுத்தவ. ஆர் வீட்டில இல்ல?"

ஆர் வீட்டில் இல்லை?

பெண்ணுக்கு வீடு கொடுக்கிற மண் என்று வெளியூர் ஆட்களிடம் நாம் எல்லாரும் பெருமையடிக்கிறோம். அடிக்கத்தான் வேண்டும், நல்ல வழக்கம். மாமியார் வீட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற நிலைமை எங்கள் பெண்களுக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் வீடு கொடுத்த பெண் பிறகு எங்கே பாய் விரிக்கிறாள் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? வாரா வாரம் ராணியோடு இருந்து தேநீர் குடிக்கிறேன். அவள் மூத்த மகளோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வீட்டின் எந்த மூலையில் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டது கடல் கடந்து இருக்கிற ஒரு பெண்.

அடுத்த சில நாள் ராணி வந்தாள், போனாள். ஹீப்ரு கதைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் கோயிலில் கண்டு மறுபடி அதே வசனத்தைச் சொன்னாராம். பொடியனுக்கு வேறு இடத்திலும் கதைக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதையும் சொல்லிவிட்டு, எங்கள் குசினியில் இருந்த பாத்திரங்களை நான் சொல்லாமலே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு மனம் சரியில்லாவிட்டால் ஏதாவது கழுவுவாள்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து இவர் வந்திருந்தார். மூவரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் ராணியின் போன் டிங் என்றது. ஏஜென்சிக்காரரின் வொய்ஸ் நோட். கை சோற்றில் இருந்ததால் என்னைத் தட்டச் சொன்னாள்.

"ராணியக்கா, அந்த அம்மா உங்களத்தான் கேக்கிறா. வேற ஆளக் காட்டவே வேணாமெண்டுட்டா. ஆனா ஒண்டு சொல்லச் சொன்னா. அந்த வீட்டில நீங்க குசினியில படுக்க ஏலாதாம். தோட்டப் பக்கம் ஒரு அறை இரிக்காம், அது உங்களுக்காம். பெயின்ட் அடிக்கப் போறாங்களாம், உங்களுக்கு என்ன கலர் புடிக்குமெண்டு கேக்கட்டாம். கெதியாச் சொல்லுங்க அக்கா."

நான் அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியே விட்டேன். இவர் அதற்குள் டிலானியின் வீட்டுக்குக் கூரை போட்டு, ஓடு அடுக்கி, யன்னலுக்குத் திரைச்சீலை தன் கடையிலிருந்து என்றும் சொல்லிவிட்டார். ராணி மட்டும் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே இருந்தாள்.

"என்ன புள்ள, கலரச் செல்லன். ஏஜென்சிக்காரர் காத்திட்டிருக்கார்," என்றேன்.

"டிலானிட வீட்டுக்கு என்ன கலரெண்டு கேட்டா இப்பவே சொல்லுவன் ராத்தா. எனக்கு என்ன கலர் புடிக்குமெண்டு..."

சோற்றை உருட்டியபடி இவரைப் பார்த்துக் கேட்டாள்.

"காக்கா, ஹெதர் எண்டா அறை. ஷெலி எண்டா என்னுடைய. ரெண்டு சொல்லும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேத்துச் சொல்லலாமா?"

எதற்கெடுத்தாலும் திருத்தம் சொல்கிற மனிதர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஹெதர் ஷெலி," என்றாள் ராணி. சொல்லிவிட்டு, இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இதை எழுதுகிற வரைக்கும் கலர் முடிவாகவில்லை. ஏஜென்சிக்காரர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் — முதல் தடவையாகக் கேட்கிறீர்கள், ஆறுதலாக யோசிக்கட்டுமே.